கடல் கடந்து வாழும் முதியோரும் அவர்தம் பாங்கிக் கணக்கும்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுவது தமிழருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் உழைத்தவர்கள் அனுப்பிய பணம் ஊரிலுள்ள பெற்றோர் கைக்கு வந்து சேர்வதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகளைத் திறந்தார். ஆள் சென்ற வழியிலேயே பாங்கியும் சென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று அந்நிலைமை ஒரு வகையில் தலைகீழாகியிருக்கிறது. தறியிலும் வயலிலும் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் குடியமர்ந்துவிட்டனர். முதுமை வந்ததும் பெற்றோரும் அவர்களிடம் சென்று தங்குகின்றனர். ஆனால் அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் ஊர்ப் பாங்கியிலேயே இருக்கிறது. ஓய்வூதியம் இங்கே வருகிறது. தறிக்கூடத்தின் வாடகையும் நிலத்தின் குத்தகையும் இங்கே சேருகின்றன. உரியவர் மட்டும் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்.

இவ்வாறு பிரிந்து நிற்கும் பணத்தைப் பேணுவதில் பெரும்பாலோர் கவனம் செலுத்துவதில்லை. "பாங்கியில்தானே இருக்கிறது, எங்கே போய்விடும்?" என்று எண்ணுகின்றனர். பணம் எங்கும் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் வேண்டிய நேரத்தில் அது கைக்கு எட்டாமற் போகலாம். கணக்கில் சில லட்சம் இருந்தும், ஒரு மருந்துச் செலவுக்கு மகனிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டிய நிலை ஒரு முதியவருக்கு நேர்ந்தால், அது பணக் கஷ்டம் மட்டுமன்று, மனக் கஷ்டமுமாகும். ஆகவே இக்கட்டுரை சட்டத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் முதியோரின் தன்மதிப்பைப் பற்றியதே.

சுருங்கச் சொன்னால், வெளிநாட்டில் வாழும் முதியவரைக் குறித்து மூன்று செய்திகள் அவருடைய பாங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் எங்கே வாழ்கிறார்? அவருக்காக இங்கே செயல்படுபவர் யார்? அவருக்குப் பின் பணத்தைப் பெறுபவர் யார்? இம்மூன்றும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் பிற காரியங்கள் எளிதில் நடக்கும்.

யார் வெளிநாட்டுவாசி?

அந்நியச் செலாவணி பற்றி இன்று நடைமுறையிலுள்ள சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஒருவர் இந்தியாவில் வசிப்பவரா அல்லரா என்பதை முடிவு செய்ய, முந்திய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கிருந்தாரா என்று அச்சட்டம் பார்க்கிறது. ஆனால் நாட்கணக்கு மட்டும் போதாது. அவர் எந்த நோக்கத்தோடு சென்றார் என்பதையும் பார்க்கிறது. எப்பொழுது திரும்புவார் என்ற வரையறையின்றி வெளிநாட்டில் தங்கும் எண்ணத்தோடு சென்றவர், சென்றது முதலே வெளிநாட்டுவாசியாகக் கருதப்படுவார்.

பேரக்குழந்தையைப் பார்க்க நான்கு, ஐந்து மாதங்கள் சென்று திரும்பும் பாட்டி இந்தியவாசியே. அவர் கணக்கில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்று, ஊரிலுள்ள வீட்டை வாடகைக்கு விட்டு, மகனோடு வாழச் செல்லும் தாத்தாவோ வெளிநாட்டுவாசி. இவ்விருவருக்குமுள்ள வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

வருமான வரிச் சட்டம் இதே கேள்விக்குத் தனியே நாட்களை எண்ணிப் பார்த்து விடை காண்கிறது. ஆதலால் புறப்பட்ட ஆண்டில் ஒரு சட்டத்தின்படி வெளிநாட்டுவாசியாகவும், மற்றொன்றின்படி உள்நாட்டுவாசியாகவும் ஒருவர் இருத்தல் கூடும். இதில் முரண்பாடு ஏதுமில்லை. இரண்டும் வெவ்வேறு காரியங்களுக்காக ஏற்பட்ட சட்டங்கள்.

கணக்கின் பெயர் மாற்றம்

வெளிநாட்டுவாசியாகிவிட்டவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள இயலாது. பாங்கிக்கு எழுதி அதை "என்.ஆர்.ஓ." எனப்படும் வெளிநாட்டுவாசியின் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பணம் அதுவே, பாங்கியும் அதுவே. கணக்கின் தன்மைதான் மாறுகிறது. ஓய்வூதியம், வாடகை, குத்தகை, வட்டி, நிலம் விற்ற தொகை ஆகிய இந்திய வருமானங்கள் இக்கணக்கில் சேரும். இங்கே கட்ட வேண்டிய வரி, மின்கட்டணம், இன்ஷூரன்ஸ் தவணை முதலியவற்றை இதிலிருந்தே கட்டலாம்.

"என்.ஆர்.இ." என்று மற்றொரு கணக்கு உண்டு. அயல்நாட்டில் பெறும் பணத்தை இந்தியாவுக்குக் கொணர்ந்து ரூபாயாக வைத்துக்கொள்வதற்கு ஏற்பட்டது அது. அதன் அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியுமில்லை. ஆனால் அங்கே தமக்கென வருமானம் இல்லாத முதியோருக்குப் பெரும்பாலும் என்.ஆர்.ஓ. கணக்கு ஒன்றே போதும்.

என்.ஆர்.ஓ. கணக்கில் போட்ட பணம் இந்தியாவிலேயே சிறைப்பட்டுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. ஓய்வூதியம், வாடகை, வட்டி போன்ற நடப்பு வருமானத்தை, வரி செலுத்தியபின், வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம். சொத்து விற்ற பணம், பழைய சேமிப்பு முதலிய மூலதனத் தொகையையும் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வரி கட்டியதற்குரிய பத்திரங்களைப் பாங்கி கேட்கும், அவ்வளவே.

விவசாய அங்கத்தினர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுவாசியாகிவிட்டவர் முன்பே தமக்குச் சொந்தமாயிருந்த விளைநிலத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஆனால் புதிதாக விளைநிலம் வாங்க இயலாது. விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும்.

அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களிலும் மாறுதல் உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாட்டுவாசி புதிதாகக் கணக்குத் தொடங்க இயலாது. பொதுச் சேமநலநிதிக் கணக்கை முன்பே வைத்திருப்பவர் அதன் முதிர்வு வரை வைத்திருக்கலாம். அதற்குமேல் நீட்டிக்க இயலாது.

வட்டியும் வரியும்

பணம் மெய்யாகவே குறைந்து தோன்றுவது இவ்விடத்தில்தான். ஆகவே கணக்கிட்டே பார்ப்போம்.

ஒரு முதியவர் 10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் டிபாசிட் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 70,000 ரூபாய். அவர் ஊரில் வாழும் மூத்த குடிமகனாயிருந்தால், ஒரு பாங்கியில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறும் வட்டியில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வரி பிடிப்பதில்லை. எனவே முழுத் தொகையும் அவர் கைக்கு வரும். அவரே வெளிநாட்டுவாசியாகி, அப்பணம் என்.ஆர்.ஓ. டிபாசிட்டாக மாறினால், முதல் ரூபாயிலிருந்தே நூற்றுக்கு 30 வீதமும், அதன் மேல் 4 சதவீத வரியும் சேர்த்து, 31.2 சதவீதம் பிடித்துவிடுவர். 70,000 ரூபாயில் 21,840 ரூபாய் பிடிபட்டு 48,160 ரூபாயே கணக்கில் சேரும். வரி பிடிக்க வேண்டாமென்று உள்ளூர் மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிப் படிவமும் இவருக்குப் பயன்படாது. மூத்தோருக்குரிய கூடுதல் வட்டியும் கிடைக்காது.

இதற்கு அஞ்சி, வெளிநாடு சென்றதையே பாங்கிக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடுவோர் உண்டு. அது தவறு. செலாவணிச் சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையின் மும்மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அன்றியும், நேரான வழியிலேயே பரிகாரம் இருக்கும்போது மறைவழி எதற்கு?

பரிகாரம் இரண்டு. இந்தியாவுக்கும் பல நாடுகளுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் ஆகியவற்றோடு செய்துள்ள உடன்படிக்கைகளின்படி இத்தகைய வட்டிக்கு 15 சதவீதத்திற்கு மேல் வரியில்லை. அந்நாட்டில் வரிக்குரியவராக வசிக்கிறோம் என்பதற்கு அந்நாட்டு வரி அதிகாரிகள் தரும் வசிப்பிடச் சான்றை வாங்கிப் பாங்கியில் கொடுத்தால், மேற்கண்ட உதாரணத்தில் 10,500 ரூபாயே பிடிபடும். மற்றொன்று, ஆண்டுதோறும் இந்தியாவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது. புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரையுள்ள வருமானத்திற்கு வரியில்லை. இவருக்கு இங்கே வேறு வருமானம் இல்லையெனில், பிடித்த 21,840 ரூபாயும் திரும்ப வரும். கணக்கைத் தாக்கல் செய்யாதவருக்கு எவரும் தேடிவந்து கொடுக்கமாட்டார்.

அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே தமக்குள்ள பாங்கிக் கணக்குகள் யாவற்றின் கூட்டுத்தொகை, ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அந்நாட்டுக் கருவூலத்துக்கு ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். அதில் வரி ஏதுமில்லை, தகவல் மட்டுமே. ஆனால் கொடுக்கத் தவறினால் அபராதம் கடுமையானது. ஊரில் சிறு டிபாசிட் வைத்திருக்கும் எளிய தம்பதியரும் அத்தொகையை எளிதில் எட்டிவிடுவர். 2015ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்க வரிக்குரியோரின் இந்தியக் கணக்கு விவரங்கள் அங்கே சென்று சேருகின்றன என்பதையும் மறத்தலாகாது.

உறங்கும் கணக்கு

சேமிப்புக் கணக்கில் உரியவரின் செயல் ஏதுமின்றி இரண்டாண்டுகள் கடந்துவிட்டால், அது செயலற்ற கணக்கு எனப்படும். பாங்கி வட்டியை வரவு வைப்பதும், கட்டணத்தைப் பற்று எழுதுவதும் உரியவரின் செயலாகா. செயலற்ற கணக்குக்கும் வட்டி உண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் பாங்கி விதிகளின்படி, குறைந்தபட்ச இருப்பில்லை என்று அதற்கு அபராதம் பிடிக்கலாகாது. மீண்டும் இயங்கச் செய்யவும் கட்டணம் கிடையாது. ஆனால் அதுவரை பணம் எடுக்க முடியாது. அடையாளச் சான்றுகளைப் புதிதாகக் கொடுத்த பின்னரே கணக்கு விழிக்கும்.

பத்தாண்டுகள் வரை எவரும் கோராத தொகை, ரிசர்வ் பாங்கி 2014இல் ஏற்படுத்திய டிபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அங்கே சென்றுவிட்ட பணமும் அழிந்துபோவதில்லை. உரியவரோ வாரிசுகளோ பாங்கியின் மூலம் எக்காலத்திலும் கோரலாம். ஆயின் வட்டி ஆண்டுக்கு 3 சதவீதமே. மறந்துபோன கணக்குகளைப் பெயரைக் கொண்டு தேடிப்பார்க்க 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் "உத்கம்" என்னும் இணையத் தளத்தை ரிசர்வ் பாங்கி திறந்திருக்கிறது.

டிபாசிட்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தவணை முடிந்தபின் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் டிபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கின் வட்டி, அல்லது முன்பு ஒப்புக்கொண்ட வட்டி, இவற்றுள் எது குறைவோ அதுவே கிடைக்கும். ஆகவே தவணை முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கும்படி முன்னரே எழுதிக் கொடுத்தல் நன்று.

கணக்கை விழித்திருக்கச் செய்வது கடினமன்று. சிறு தொகையொன்றை மாற்றினாலும் போதும். ஓ.டி.பி. எண்ணோடு இணைய வழி நுழைந்து இருப்பைப் பார்த்தாலும் அது உரியவரின் செயலாகவே கொள்ளப்படும். மாதம் ஒருமுறை கணக்கைப் பார்க்கும் பழக்கமுடையவருக்கு இத்தொல்லை நேராது. தமக்குத் தெரியாமல் ஏதேனும் பிடிபட்டிருந்தாலும் உடனே புலப்படும்.

கைபேசி எண்ணும் வஞ்சகரும்

முன்னாளில் கையொப்பம் செய்த வேலையை இந்நாளில் கைபேசி எண் செய்கிறது. வெளிநாடு சென்றதும் இந்திய எண்ணைக் கைவிட்டுவிடுவது முதியோர் பலர் செய்யும் பிழை. தொண்ணூறு நாள் பயன்படுத்தாமலும் இருப்புப் பணமின்றியும் விடப்பட்ட எண் துண்டிக்கப்படும்; பின்னர் அதே எண் முன்பின் அறியாத ஒருவருக்கு வழங்கப்படும். பாங்கியின் செய்திகள் அவர் கைக்குச் செல்வது எவ்வளவு அபாயம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய எண்ணை வெளிநாட்டிலும் இயங்கும் வசதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் வெளிநாட்டு எண்ணைப் பாங்கியில் பதிவு செய்த பின்னரே பழையதைக் கைவிட வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் சில ஆகியவற்றின் எண்களைக் கொண்டே என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. கணக்குகளில் யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்த 2023 முதல் வழி ஏற்பட்டிருக்கிறது.

தனித்திருக்கும் முதியோரைக் குறிவைத்து ஏமாற்றுவோர் இன்று பெருகியுள்ளனர். போலீஸ் அதிகாரி என்றும், சுங்க அதிகாரி என்றும் வேடமிட்டு வீடியோ அழைப்பில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணத்தை உடனே இந்தக் கணக்குக்கு மாற்றும்" என்று மிரட்டுகின்றனர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. எந்தப் பாங்கியும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பதுமில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாங்கியின் வெளிநாட்டு வாடிக்கையாளர் எண்ணை அழைக்க வேண்டும். இந்தியாவிலுள்ள உறவினர் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம். பணம் பறிபோனபின் கழியும் ஒவ்வொரு மணியும் அதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

வாழ்நாள் சான்றிதழ்

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம்; 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதலே கொடுக்கலாம். பஞ்சாலை முதலிய ஆலைகளில் உழைத்துத் தொழிலாளர் சேமநலநிதி ஓய்வூதியம் பெறுவோர் எம்மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தமக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம். சான்றிதழ் வராவிடில் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். கொடுத்தபின் நிலுவையும் சேர்த்து வரும்.

இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிட்டு அனுப்பலாம். 2014இல் தொடங்கிய "ஜீவன் பிரமாண்" முறையில் ஆதாரைக் கொண்டு மின்வழியிலும் கொடுக்கலாம். 2021 நவம்பர் முதல் முகத்தைக் கைபேசியில் காட்டியே அதைச் செய்யும் வசதியும் உண்டு. முதுமையில் கைரேகை தேய்ந்துவிட்டோருக்கு இது பேருதவி. தறியிழுத்தும் மண்வெட்டி பிடித்தும் உழைத்த கைகளில் ரேகை பதிவது எவ்வளவு அரிது என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரிலிருந்து செயல்படுபவர்

வாடகை வாங்கவும், வரி கட்டவும், பாங்கிக்குச் சென்று வரவும் ஊரில் ஒருவர் வேண்டும். உடன்பிறந்தாரோ, ஊரிலுள்ள மகளோ, நம்பிக்கைக்குரிய உறவினரோ இதைச் செய்யலாம். ஆனால் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளையும், பணம் எடுக்கும் அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டுச் செல்லும் வழக்கம் அறவே கூடாது. உறவும் கெட்டு, பணமும் கெடுவதற்கு அது வழி.

முறையானது அதிகாரப் பத்திரம். ஊரில் பவர் பத்திரம் என்பர். அதைக் கொண்டு உள்ளூர்ச் செலவுகளைச் செய்யலாம். கணக்குக்குரியவரின் சார்பாக எவருக்கும் பணத்தைத் தானமளிக்க இயலாது. வெளிநாட்டில் எழுதும் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ உறுதி செய்து அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். புறப்படுமுன் ஊரிலேயே எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. இன்னின்ன கணக்கு, இன்னின்ன காரியம் என்று வரையறுத்து எழுதுவதே அறிவுடைமை.

அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்தவுடன் அது செல்லாததாகிவிடும். இதையறியாமல், "பத்திரம் என் கையில் இருக்கிறதே" என்று இறப்புக்குப்பின் பணம் எடுப்போர் வழக்கில் சிக்கிக்கொள்கின்றனர்.

கூட்டுக் கணக்கிலும் நுட்பமுண்டு. தந்தை வெளிநாட்டில் இருக்க, ஊரிலுள்ள மகளோடு வைக்கும் என்.ஆர்.ஓ. கூட்டுக் கணக்கு, "முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் அமையும். தந்தை இருக்கும்வரை அவரே அதை இயக்குவார். இதற்கு மாறாக, தாய் ஊரிலேயே இருந்து மகன் வெளிநாட்டில் இருந்தால், தாயின் சாதாரணக் கணக்கில் மகனை "ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் சேர்க்கலாம். அப்பொழுது மகன் தாயின் பொருட்டே அக்கணக்கை இயக்குகிறார், பணம் தாயினுடையதே.

எல்லாப் பணத்தையும் மகன் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று சிலர் கருதுகின்றனர். பிள்ளைகள் மீது வைக்கும் அன்பு போற்றத்தக்கதே. ஆயினும் மகனுக்கு வேலை போகலாம், கடன் நேரலாம், குடும்பத்தில் பிரிவினை வரலாம். தமக்கு உயிருள்ளவரை வேண்டிய பொருளைத் தம் பெயரில் வைத்திருப்பது பிள்ளைகளை நம்பாமையாகாது. அவர்களுக்குப் பாரமாகாதிருக்கும் வழியே அது.

பின்னர் யார்?

நாமினி எனப்படும் நியமனதாரரைக் குறிப்பிடாத கணக்கே வாரிசுகளை அதிகமாக அலைக்கழிப்பது. வாரிசுகள் வெவ்வேறு நாடுகளில் சிதறியிருந்தால் அலைச்சலுக்கு எல்லையில்லை. 2025ஆம் ஆண்டின் பாங்கிச் சட்டத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். நால்வருக்கும் இன்னின்ன பங்கு என்று ஒருங்கே எழுதலாம். அல்லது ஒருவருக்குப்பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு வரிசை முறை மட்டுமே உண்டு. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளையும் நியமிக்கத் தடையில்லை.

நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே தவிர, அவரே முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. 2010இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. பணம் சட்டப்படியான வாரிசுகளையோ உயிலில் கண்டவரையோ சேரும். ஆகவே நியமனத்தோடு உயிலும் எழுதி வைத்தல் சிறப்பு. ஊரிலுள்ள சொத்துக்குத் தமிழில் எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிட்ட எளிய உயிலே போதும்.

நியமனம் இல்லாத இடத்தும் வழி இல்லாமற் போகவில்லை. ரிசர்வ் பாங்கி 2025இல் வகுத்த விதிகளின்படி, கூட்டுறவு பாங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும், பிற பாங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும், எளிய நடைமுறையில் வாரிசுகளுக்குப் பணம் வழங்கலாம். தேவையான பத்திரங்கள் யாவும் வந்த 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

சங்கமும் அங்கத்தினரும்

நம் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அங்கத்தினர்களின் சேமிப்பைப் பெற்றுக்கொண்ட போதிலும், சட்டத்தின் நோக்கில் அவை பாங்கிகள் அல்ல. ஆதலால் என்.ஆர்.ஓ. கணக்கை அவற்றில் வைக்க இயலாது. ரிசர்வ் பாங்கியின் அனுமதி பெற்ற பாங்கியில்தான் வைக்க வேண்டும். புறப்படும் அங்கத்தினர் சங்கத்திலுள்ள தம் டிபாசிட்டு, சிக்கன நிதி, பங்குத்தொகை ஆகியவற்றைப் பற்றிக் காரியதரிசியிடம் முன்னரே பேசி, எதை முடித்துக்கொள்வது, எதை வைத்திருப்பது என்று தீர்மானித்து, ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும். பங்குத்தொகைக்கும் நியமனம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

டிபாசிட்டுகளின் காப்புறுதியையும் இவ்விடத்தில் கூறவேண்டும். 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கி வீழ்ந்து டிபாசிட்தாரர்கள் தவித்த பின்னர், 1962 ஜனவரி 1 முதல் இக்காப்புறுதி ஏற்பட்டது. தொடக்கத்தில் அதன் வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல், அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாய். கூட்டுறவு பாங்கிகளுக்கும் இது உண்டு, என்.ஆர்.ஓ. கணக்குக்கும் உண்டு, தொடக்கச் சங்கங்களுக்கு இல்லை. தொலைவிலிருந்து கண்காணிக்க இயலாதவர் தம் பணத்தை இரண்டு நல்ல பாங்கிகளில் பிரித்து வைப்பது இக்காரணத்தால் பொருத்தமானது. ஐந்தாறு பாங்கிகளில் சிதறவிடுவதோ தொல்லையைப் பெருக்கும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே கீழ்க்கண்டவற்றை முடித்துக்கொள்வது நலம்.

1. சிறு சிறு கணக்குகளை மூடி, ஒன்றிரண்டாகச் சுருக்குக.

2. பாங்கி மேலாளரைக் கண்டு, வெளிநாட்டு முகவரியோடு கணக்கு மாற்றத்திற்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெறுக.

3. ஆதார், பான் அட்டை, கடவுச்சீட்டு, பாங்கிப் புத்தகம் ஆகியவற்றில் பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்க. பிற்பாடு நேரும் தொல்லைகள் பல இதனால் வருபவை.

4. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயரைச் சரிபார்க்க. மறைந்தவர் பெயர் இருந்தால் மாற்றுக.

5. கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி இரண்டையும் பதிவு செய்து, ஊரிலிருக்கும்போதே ஒருமுறை இயக்கிப் பார்க்க.

6. கணக்குகள், டிபாசிட்டுகள், இன்ஷூரன்ஸ், ஓய்வூதிய எண், உயில் இருக்குமிடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒரு பிரதி கொடுக்க. இரகசிய எண்களை அதில் எழுதற்க.

பின்னர் அடையாளச் சான்றுகளைப் புதுப்பிக்கும்படி பாங்கி கேட்டால், இந்தியத் தூதரகமோ, வெளிநாட்டு நோட்டரியோ, இந்தியப் பாங்கிகளின் வெளிநாட்டுக் கிளையோ உறுதிசெய்த நகல்களை அனுப்பலாம். நிரந்தரமாக ஊர் திரும்பினாலோ, பாங்கிக்குத் தெரிவித்துக் கணக்கைப் பழையபடி உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும் படிப்பையோ பெருஞ்செலவையோ வேண்டுவதன்று. இரண்டு முறை பாங்கிக்குச் செல்வதும், சில படிவங்களில் கையொப்பமிடுவதுமே வேலை. ஊரிலிருக்கும்போது ஒரு காலைப்பொழுதில் முடியும் காரியம், கடல் கடந்தபின் மாதக்கணக்கில் இழுக்கும். நம் சங்கங்களின் காரியதரிசிகள், வெளிநாடு செல்லவிருக்கும் முதிய அங்கத்தினர்களை அழைத்து, மேற்கண்ட ஆறையும் அவர்களோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுப்பார்களாயின், அது சங்கம் தன் மூத்தோருக்குச் செய்யும் சிறந்த தொண்டாகும்.